மங்களாஜோடியின் பறவைக் காவலர்

ஒடிசா மாநிலத்தில் வங்கக் கடலையொட்டிக் கிடக்கும் சிலிகா ஏரி, உப்புநீரும் நன்னீரும் கலந்த பெரும் பரப்பு. கோடையில் ஏறக்குறைய 900 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும். மழைக்காலத்தில் 1,100க்கு மேல் விரியும். மகாநதியின் கிளைகளான தயாவும் பார்கவியும் அதன் வடபுறத்தில் வண்டலைக் கொணர்ந்து கொட்டுவதால் அங்கே நாணலும் சேறும் மிகுதி. அச் சேற்றின் விளிம்பில் உள்ள சிற்றூரே மங்களாஜோடி.

கார்காலம் கழிந்து நீர் வடியத் தொடங்கியதும் வடநாடுகளிலிருந்து கரைப்பறவைகள் இங்கு வந்து இறங்குகின்றன. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பல வகை. அவற்றுள் கருவால் மூக்கன் என்னும் பறவைக்கே இவ்வூர் பெயர்பெற்றது. நீண்ட அலகைச் சேற்றுக்குள் செலுத்திப் புழுவையும் நத்தையையும் தேடித் தின்பது அதன் இயல்பு. உலகெங்கும் தொகை குறைந்துவரும் இனம் அது.

வலசை வந்த இப் பறவைகளை மங்களாஜோடி மக்கள் விருந்தினராகக் கொள்ளவில்லை, விளைச்சலாகவே கொண்டனர். மீன்பிடித்தலோடு பறவை பிடித்தலும் அங்கே ஒரு பிழைப்பு. துப்பாக்கி, வலை, நஞ்சிட்ட இரை எல்லாம் பயன்பட்டன. முட்டைகளும் தப்பவில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கிற்று. 1981இல் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் பரத்பூரோடு சிலிகாவும் சேர்ந்தது. ஆனால் சட்டமும் பட்டியலும் நாணற்காட்டினுள் நுழையவில்லை. பல்லாயிரமாக வந்த பறவைகள் இவ்வூர்ப் பக்கம் சில ஆயிரங்களாகக் குன்றின.

ஏரிக்கோ வேறொரு நோய். கடல்வாய் தூர்ந்து உப்பு குறைந்தது, களை படர்ந்தது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டபின் ஏரி உயிர் பெற்றது. இவ் வெற்றியைப் பலரும் எழுதியுள்ளனர். அதே ஆண்டில் வடகரையில் நிகழ்ந்த மாறுதலைப் பற்றி எழுதியவர் சிலரே. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

'ஒயில்ட் ஒரிசா' என்னும் அமைப்பினர் வேட்டைக்காரர்களிடமே சென்று பேசினர். அப் பேச்சின் பயனாக, வேட்டையைக் கைவிட்டவர்களைக் கொண்டே ஸ்ரீ ஸ்ரீ மகாவீர் பக்ஷி சுரக்ஷா சமிதி 2000இல் அமைந்தது. எந்தக் கால்வாயில் எப்பொழுது வலை விரிப்பார்கள், நஞ்சு எங்கே தூவப்படும் என்பனவற்றை அறிந்தவர் அவர்களைவிட யாருமில்லை. அதே அறிவு இப்பொழுது காவலுக்கு வந்தது. தோணியேறி இரவும் பகலும் சுற்றினர். வருவாய் போயிற்று, வேட்டையை விடாத அண்டை வீட்டாரோடு எதிர்நிற்கவும் வேண்டியிருந்தது. பயணிகளைத் தோணியில் அழைத்துச் சென்று பறவை காட்டும் தொழில் பின்னரே வளர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளை அவர்கள் எவ்வாறு கடத்தினார்கள் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

காவலுக்குத் துணை கணக்கு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் இந்தியாவில் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜனவரியில் தொண்டர்கள் நீர்நிலைகளுக்குச் சென்று எண்ணுகின்றனர். பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாய் எண்ண இயலாது. பத்துப் பறவைகளை எண்ணி, அவை பிடிக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அவ்வளவு மற்றவற்றில் எத்தனை மடங்கு என்று பார்ப்பது முறை. பறவைகள் எழும்பிவிட்டால் கணக்கை மீண்டும் தொடங்க வேண்டியதுதான்! 2025 ஜனவரியில் சிலிகா முழுவதும் 11 லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் கணக்கிடப்பட்டன. வாத்தினங்கள் பெருங்கூட்டமாய் வருவதால் இத்தகைய மொத்தத் தொகை எப்பொழுதும் பெரிதாகத் தெரியும். கரைப்பறவைகளின் நிலையை அறிய இனவாரிக் கணக்கையே நோக்க வேண்டும்.

பங்குனி வந்ததும் வலசைப் பறவைகள் புறப்பட்டுவிடும், பயணிகளும் குறைந்துவிடுவர். அப்பொழுதும் நீலத் தாழைக்கோழியும் நீளவால் இலைக்கோழியும் நாணலிடையே கூடு கட்டி முட்டையிடுகின்றன. தோணிக் கூலி தரும் பயணியில்லாத அம் மாதங்களிலும் அக் கூடுகளுக்குக் காவல் வேண்டியிருக்கிறது.