கரும்பலகை ஓரத்தில் மேட்டூர் கணக்கு



ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் நேற்றுப் பேசினார். அங்கே மலை ஏறுவதற்கு முன் பனி எவ்வளவு, தரை எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்களாம். "நம்ம ஊர்ல இதெல்லாம் ஏது சார்?" என்றார். இருந்ததப்பா. நீயே செய்திருக்கிறாய்.

ஆடி மாதம் முழுக்கக் கரும்பலகை ஓரத்தில் மேட்டூர் நீர்மட்டத்தை எழுதச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? பொது அறிவுக்காக என்று நினைத்திருப்பீர்கள்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, ஓர் ஆடியில் நண்பனோடு கொள்ளிடத்து மணலில் இறங்கி நடந்தேன். போகும்போது கணுக்கால் தண்ணீர். திரும்பும்போது இடுப்புக்கு மேல். ஸ்ரீரங்கத்தில் ஒரு துளி மழை இல்லை! மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களை இழுத்துக் கரை சேர்த்தார். பாட்டி அடிக்கவில்லை. "ரேடியோல மேட்டூர் சொன்னானே, கேட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

1924 ஜூலைப் பெருவெள்ளத்தைச் சிறுமியாகப் பார்த்தவள் அவள். அப்போது மேட்டூர் அணை இல்லை. அம்மா மண்டபத்தில் எத்தனை படி மூழ்கியது என்று எண்ணுவதுதான் கணக்கு. அணை 1934-இல் வந்தது. அதன் பிறகு 120 அடி என்ற எண்ணே எங்களுக்கு எச்சரிக்கை மணி. அணை நிறைந்துவிட்டால் குடகிலும் வயநாட்டிலும் பெய்து வருவது அத்தனையும் அப்படியே வெளியே வரும். அது முக்கொம்பு வந்துசேர இரண்டு மூன்று நாள், வெள்ளக் காலத்தில் இன்னும் சீக்கிரம்.

முக்கொம்பில் 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டியதே, தாழ்வான கொள்ளிடம் காவிரித் தண்ணீரை இழுத்துக்கொள்ளாமல் தடுக்கத்தான். அதனால் கொள்ளிடம் பல மாதம் வெறும் மணல். வெள்ளம் மிஞ்சினால் மட்டும் அங்கே திருப்புவார்கள். பழகிய மணல்தானே என்று இறங்குகிறவன் ஏமாறுவது இதனால்தான். 2018 ஆகஸ்டில் 1928-ஆம் வருஷத்து இரும்புப் பாலத்தின் தூண்களே சரிந்தன. 22-ஆம் தேதி இரவு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. பையன்கள் எம்மாத்திரம்?

இப்போது எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்பது கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பது அதில் வராது. பாட்டி காலத்தில் அந்தப் பள்ளங்களே கிடையாது. கரையில் மீன் பிடிப்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆடிப் பெருக்குக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறவர்கள் ஆற்றில் இறங்கும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். அன்றைய கணக்கு என் நாட்காட்டியில் எழுதியிருக்கும்.