அல்-ஜஸரீயின் யானைக் கடிகாரம்

தொடக்கப் பள்ளிச் சிறாருக்குரிய அறிவியல் பாடங்களுள் எந்திர ஆற்றல் என்பதும் ஒன்று. உயரத்தில் இருக்கும் பொருளிடத்தே அடங்கிக் கிடப்பது நிலை ஆற்றல். இயங்கும் பொருளிடத்தே வெளிப்படுவது இயக்க ஆற்றல். இவ்விரண்டும் சேர்ந்ததே எந்திர ஆற்றல் என ஆசிரியர் உரைப்பார். மாணவர் மனனம் செய்வர். மனனம் செய்தது மனத்தில் பதிய வேண்டுமாயின் கண்ணுக்குப் புலனாகும் சான்று ஒன்று வேண்டும். அத்தகைய சான்று நம் முன்னோர் நூலொன்றில் இருக்கிறது.

இன்று துருக்கி நாட்டில் அடங்கியுள்ள தியார்பக்ர் நகரில், அர்துகிய மன்னர்களிடம் கால் நூற்றாண்டு பணிபுரிந்தவர் இஸ்மாயீல் அல்-ஜஸரீ. மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூதின் விருப்பத்திற்கிணங்க, 50 பொறிகளை 6 பிரிவுகளாக வகுத்து விளக்கும் அரபு நூலொன்றைக் கி.பி. 1206இல் அவர் நிறைவு செய்தார். அப்பொறிகளுள் ஒன்றே யானைக் கடிகாரம்.

யானை உருவத்தின் வயிற்றினுள்ளே ஒரு நீர்த்தொட்டி. அதில் மிதப்பது அடியில் சிறு துளையுடைய கிண்ணம். நம் நாட்டில் நாழிகை வட்டில் என வழங்கியதும் இத்தகையதே. துளை வழியே நீர் ஏறி, அரை மணி நேரத்தில் கிண்ணம் மூழ்கும். மூழ்குங்கால் அது இழுக்கும் கயிறு, யானையின் முதுகின் மேலுள்ள மாடத்தினின்று ஓர் உலோகக் குண்டினை விடுவிக்கும். குண்டு உருண்டு, பாம்பு வடிவொன்றின் வாயில் விழும். அப்பாரத்தால் பாம்பு தலை தாழும். தாழும்போதே, தன்னோடு பிணைக்கப்பட்ட சங்கிலியால் மூழ்கிய கிண்ணத்தை மேலே தூக்கிவிடும். குண்டு கீழே விழுந்து ஓசையெழுப்பும். பாம்பு தன் நிலைக்கு மீளும். நீர் வடிந்த கிண்ணம் மீண்டும் மிதக்கும்.

இங்கு நிகழ்வது யாது? மாடத்தில் அசையாதிருந்த குண்டிடம் நிலை ஆற்றல் இருந்தது. அது விழ விழ இயக்க ஆற்றலாயிற்று. அதில் ஒரு பகுதி கிண்ணத்தை உயர்த்தும் வேலையைச் செய்தது. எஞ்சியது ஒலியாகவும் வெப்பமாகவும் மாறிற்று. ஆற்றல் அழியவில்லை, உருமாறியது. மாடத்திலுள்ள குண்டுகள் தீர்ந்துவிட்டாலோ கடிகாரம் நின்றுவிடும். எவரேனும் அவற்றை எடுத்து மீண்டும் மேலே வைத்தாக வேண்டும். ஒரு கிலோகிராம் பொருளை ஒரு மீட்டர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 9.8 ஜூல் ஆற்றல் செலவாகும். அக்கை செலவிட்ட ஆற்றலே குண்டினுள் சேமிப்பாகிறது. செலவின்றி ஓடும் பொறி உலகில் இல்லை என்னும் உண்மையைச் சிறுவரும் இதனால் உணரலாம்.

சிரியாவின் ஹமா நகரத்து நீர்ச்சக்கரங்கள் இதற்கு மறுதலையான சான்று. 1361இல் அமைக்கப்பெற்ற முஹம்மதிய்யாச் சக்கரம் சுமார் 21 மீட்டர் விட்டமுடையது. ஓடும் ஆற்றின் இயக்க ஆற்றலே சக்கரத்தைச் சுழற்றி, நீரை உயரத்திற்கு ஏற்றி, அந்நீரின் நிலை ஆற்றலாகிறது.

ஈண்டு ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இன்றைய அறிவியல் முழுவதும் நம் முன்னோர் கண்டதே என மேடைகளில் முழங்குவோர் உளர். அது உண்மையன்று, அல்-ஜஸரீக்கு அது பெருமையுமன்று. ஆற்றல் என்னும் கருத்தை 1807இல் தாமஸ் யங் பெயரிட்டு வழங்கினார். நிலை ஆற்றல் என்னும் பெயரை 1853இல் ராங்கின் தந்தார். அல்-ஜஸரீயோ, ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்கிய நூலையும் பனூ மூஸா சகோதரர்களின் பணியையும் மறைக்காது குறிப்பிட்டார். செய்து பார்த்துத் தேறியவற்றையே எழுதினார். பிறரும் செய்ய வேண்டும் என்பதற்காக அளவுகளையும் படங்களையும் தந்தார். இந்நேர்மையே அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.

அவருடைய பெயரை மட்டும் கற்பித்து, கிண்ணம் எவ்வாறு எழுந்தது என்பதைக் கற்பிக்காது விடின் நம் பிள்ளைகளுக்கு என்ன பயன்? துளையிட்ட சிரட்டை ஒன்றும், ஒரு வாளி நீரும், சில கோலிக் குண்டுகளும் போதும். பள்ளியிலும் மதரஸாவிலும் இதனைச் செய்து காட்டலாம். முன்னோர் உயர்த்தி வைத்த குண்டு என்றோ விழுந்து ஒலித்து ஓய்ந்தது. அதனை மீண்டும் மேலேற்றுவது நம் கையின் கடமை.