சாத்தான் வேடமிட்ட சென்னைக் கலைஞர்

திரை சொன்ன வரலாறு – 17

1969-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஒரே வாரத்துக்குள் அமெரிக்கா இரண்டு வேறு செய்திகளைக் கேட்டது.

முதல் செய்தி லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்தது. ஆகஸ்ட் 8 நள்ளிரவைத் தாண்டி, சியலோ டிரைவ் என்ற மலைப்பாதை வீட்டில் ஐந்து பேர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நடிகை ஷரான் டேட். நிறைமாதக் கர்ப்பிணி. மறுநாள் இரவே நகரத்தின் இன்னொரு பகுதியில் லாபியாங்கா தம்பதி அதே முறையில் கொல்லப்பட்டார்கள். சுவர்களில் ரத்தத்தால் எழுதப்பட்ட சொற்கள். கொன்றவர்கள் யார், ஏன் கொன்றார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது செய்தி நியூயார்க் மாநிலத்திலிருந்து. ஆகஸ்ட் 15 அன்று, பெத்தேல் என்ற சிற்றூரின் பால்பண்ணை நிலத்தில் வுட்ஸ்டாக் இசை விழா தொடங்கியது. நான்கு லட்சம் இளைஞர்கள் மழையிலும் சேற்றிலும் கூடி, மூன்று நாள் அமைதியாக இசை கேட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தொடக்க உரை ஆற்றியவர் காவி உடுத்திய ஒரு துறவி. கோவை மாவட்டம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர்.

நீண்ட முடி, பூப்போட்ட சட்டை, கிழக்கின் மீது மோகம், கூட்டு வாழ்க்கை: ஹிப்பி என்றால் இப்படித்தான் என்று அமெரிக்கா அறிந்திருந்தது. அவர்கள் அன்பின் பிள்ளைகளா, அழிவின் பிள்ளைகளா? அந்தக் கேள்விக்கு மிக மோசமாக எடுக்கப்பட்ட ஒரு திகில் படம் சொன்ன பதிலைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். படத்தின் பெயர் 'ஐ டிரிங்க் யுவர் பிளட்'. 'உன் ரத்தத்தைக் குடிக்கிறேன்' என்று பொருள். அதில் கொலைகாரக் கும்பலின் தலைவனாக நடித்தவர் சென்னையில் வளர்ந்த ஒரு நாட்டியக் கலைஞர்.

சிறையிலிருந்து வந்த 'குரு'

1969 டிசம்பர் 1 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் வழக்கு துலங்கிவிட்டதாக அறிவித்தது. சார்லஸ் மேன்சன் என்ற பெயரை நாடு முழுவதும் கேட்டது அப்போதுதான். பத்திரிகைகள் அவனுடைய கூட்டத்துக்கு ஒரே முத்திரை குத்தின: ஹிப்பி கும்பல்.

மேன்சன் 1967 மார்ச்சில் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவனுக்கு வயது 32. அதில் பாதிக்கு மேல் சீர்திருத்தப் பள்ளிகளிலும் சிறைகளிலும் கழிந்திருந்தது. ஹிப்பி இயக்கம் அவனை உருவாக்கவில்லை. வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகள் குவிந்திருந்த சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதி அவனுக்கு ஆள் பிடிக்கும் இடமாக வாய்த்தது, அவ்வளவுதான். தன் பின்னால் வந்தவர்களுக்கு எல்.எஸ்.டி. போதை மருந்தைக் கொடுத்து, உலகம் அழியப் போகிறது என்று போதித்தான். அவர்கள் தங்கியிருந்த ஸ்பான் பண்ணை ஒரு காலத்தில் கௌபாய் படங்கள் எடுத்த இடம்.

இந்த விவரங்களைப் பொறுமையாகப் படிக்க அன்றைக்கு யாருக்கும் மனம் இல்லை. நீண்ட முடி வைத்த எந்தப் பையனும் வாசலில் வந்து நின்றால் கதவு சாத்தப்பட்டது. சிலர் செய்த கொலை, ஒரு தலைமுறையின் மேல் எழுதப்பட்டது.

"பழைய பேய் வேண்டாம்"

அந்த அச்சத்தைக் காசாக்கலாம் என்று கணக்குப் போட்டவர் ஜெர்ரி கிராஸ். சினிமேஷன் இண்டஸ்ட்ரீஸ் என்ற சிறிய நிறுவனத்தின் முதலாளி. பெரிய ஸ்டுடியோக்கள் தொடத் தயங்கும் படங்களை வாங்கி, கண்ணைப் பறிக்கும் விளம்பரத்தோடு விற்பது அவர் தொழில். இயக்குநர் டேவிட் டர்ஸ்டனிடம் அவர் வைத்த கோரிக்கை நேரடியானது: இதுவரை வந்ததிலேயே கொடூரமான திகில் படம் வேண்டும், ஆனால் ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், கிறுக்கு விஞ்ஞானி போன்ற பழைய சரக்கு எதுவும் கூடாது.

டர்ஸ்டன் இரண்டு செய்திகளை ஒன்றாக முடிச்சுப் போட்டார். ஒன்று மேன்சன் கொலைகள். மற்றொன்று, ஈரானில் ஒரு மலைக்கிராமத்தை வெறிபிடித்த ஓநாய் தாக்கியது பற்றி அவர் படித்த செய்தி. வெறிநோய் பிடித்த கொலைகாரக் கும்பல் என்ற கதை இப்படித்தான் பிறந்தது. கொலைகள் நடந்த அடுத்த ஆண்டே படம் முடிந்துவிட்டது.

படப்பிடிப்புக்குத் தேர்ந்தெடுத்த ஊர், நியூயார்க் மாநிலத்தின் ஷரான் ஸ்பிரிங்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கந்தக ஊற்றில் குளிக்கப் பணக்காரர்கள் வண்டி வண்டியாக வந்தார்கள். பிறகு நாகரிகம் மாறியது, கூட்டம் குறைந்தது, பெரிய விடுதிகள் பாழடைந்து நின்றன. பணமில்லாத படக்குழுவுக்கு இதைவிட நல்ல அரங்கம் கிடைக்காது. படத்தில் ஊரின் பெயர் வேலி ஹில்ஸ். அணைக்கட்டு வரப்போவதால் மக்கள் காலி செய்துவிட்டுப் போன ஊர் என்று கதையிலேயே காரணம் வைத்துக்கொண்டார்கள்.

கதை என்ன?

சாத்தானை வழிபடும் ஒரு ஹிப்பிக் கூட்டம் அந்த ஊருக்கு வந்து பாழடைந்த கட்டடத்தில் தங்குகிறது. தலைவன் ஹொரேஸ் போன்ஸ். அவர்களுடைய நள்ளிரவுச் சடங்கை ஒளிந்து பார்த்த உள்ளூர்ப் பெண்ணைச் சிதைக்கிறார்கள். நியாயம் கேட்கத் துப்பாக்கியோடு போன தாத்தாவை அடித்து, எல்.எஸ்.டி.யைப் புகட்டி அனுப்புகிறார்கள். தாத்தாவின் நிலையைப் பார்த்த பேரன் பீட், பழிவாங்க முடிவு செய்கிறான். தான் சுட்டுக் கொன்ற வெறிநாயின் ரத்தத்தை ஊசியில் எடுத்து, பேக்கரியில் அவர்களுக்காக வைத்திருந்த இறைச்சிப் பலகாரங்களில் ஏற்றிவிடுகிறான்.

தின்றவர்கள் வாயில் நுரை தள்ளி ஒருவரையொருவர் வெட்டத் தொடங்குகிறார்கள். அவர்களிடமிருந்து நோய், அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த தொழிலாளர்களுக்குத் தொற்றுகிறது. கையில் வெட்டுக்கத்தியோடு ஒரு பட்டாளமே ஊருக்குள் ஓடுகிறது. தண்ணீரைக் கண்டால் மட்டும் அலறிப் பின்வாங்குகிறது.

குறைகளை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நடிப்பு பெரும்பாலும் விறைப்பாக இருக்கிறது. வசனம் பேசுகிறவர் அடுத்தவர் முடிக்கக் காத்திருப்பது தெரிகிறது. ஒளியமைப்பு காட்சிக்குக் காட்சி மாறுகிறது. வாய்நுரை, முகம் மழிக்கும் நுரை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. கிளே பிட்ஸின் மின்னணு இசை காட்சிக்குத் தொடர்பில்லாமல் கீச்சிட்டுக்கொண்டே இருக்கிறது.

மருத்துவமும் தவறு. ரேபிஸ் வைரஸ் நோயுற்ற விலங்கின் எச்சிலில் இருக்கிறது; ரத்தத்தின் வழியாகப் பரவும் நோயல்ல அது. கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் பயணம் செய்கிறது. அதற்குப் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும். படத்தில் பொழுது விடிந்து பொழுது போவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. தண்ணீர் பயம் மட்டும் உண்மையான அறிகுறி. விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் இழுத்துக்கொள்வதால் வருவது அது.

ஈரான் தொடர்பில் வரலாறு நமக்கு வேறொரு கதையையும் சொல்கிறது. 1954-ல் அந்த நாட்டின் ஒரு கிராமத்தில் வெறிபிடித்த ஒரே ஓநாய் 29 பேரைக் கடித்தது. தெஹ்ரானின் பாஸ்டர் நிறுவனத்து மருத்துவர்கள் தடுப்பூசியோடு எதிர்ப்புச் சீரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தலையில் கடிபட்டவர்களைக்கூட அந்தச் சிகிச்சை காப்பாற்றியது. இன்று உலகெங்கும் ஆழமான நாய்க்கடிக்குத் தரப்படும் சிகிச்சைக்கு அது ஆதாரமானது. உண்மைச் சம்பவத்தில் மருந்து வென்றது. படத்தின் முடிவிலோ போலீஸ் துப்பாக்கிதான் நோய்க்கு மருந்து.

தேவிபிரசாத்தின் மகன்

ஹொரேஸ் போன்ஸாக நடித்தவரின் பெயர் திரையில் 'பாஸ்கர்' என்று மட்டும் வருகிறது. முழுப்பெயர் பாஸ்கர் ராய் சௌத்ரி.

சென்னை மெரினாவுக்குப் போகிறவர்கள் அவர் தந்தையின் கைவண்ணத்தைக் கடக்காமல் போக முடியாது. பெரும்பாறையை நெம்பும் நான்கு மனிதர்களைக் காட்டும் உழைப்பாளர் சிலையும், கைத்தடியோடு நடக்கும் காந்தி சிலையும் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்தவை. இரண்டும் 1959-ல் கடற்கரைக்கு வந்தன. 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியக் கல்லூரியை நடத்தியவர் அவர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். லலித் கலா அகாதமியின் முதல் தலைவரும் அவரே.

அந்த வங்காளிக் குடும்பத்தில் 1930-ல் பிறந்த பாஸ்கர், சென்னையில் பரதம் பயின்றார். 1950-களில் நியூயார்க் போய் அங்கேயே நாட்டியக் குழு நடத்தினார், மாணவர்களை உருவாக்கினார். 1960-ல் மவுரீன் ஓஹாரா நடித்த 'கிறிஸ்டீன்' என்ற பிராட்வே இசை நாடகத்தில் ஆடினார்.

இந்தப் படத்தில் கண்ணை இழுப்பது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தடுமாறும் இடத்தில் அவர் உடல் பேசுகிறது. தொடக்கச் சடங்கில் அவர் கை உயர்த்தி நிற்கும் நிலையிலும், திரும்பும் கழுத்திலும், விரியும் விழியிலும் பல ஆண்டு சாதகம் தெரிகிறது. மேடையில் அரக்கனை ஆடிக் காட்டத் தெரிந்தவருக்கு, பயம் எந்த அசைவில் பிறக்கும் என்று தெரியும்.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டும். மேன்சன் வெள்ளைக்காரன். அவனுக்காகக் கொலை செய்தவர்களும் நடுத்தர வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகள். திரைக்கு வந்தபோது தலைவன் இந்தியர் ஆனார். அவருடைய கூட்டத்தில் ஒரு சீன வம்சாவளிப் பெண்ணும் ஒரு கறுப்பினத்தவரும் முன்னால் நிற்கிறார்கள். ஆசியர்களுக்கு அமெரிக்காவின் கதவு 1965-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால்தான் அகலத் திறந்திருந்தது. 1968-ல் பீட்டில்ஸ் குழு ரிஷிகேசம் போனது. பிள்ளைகள் கிழக்கே பார்ப்பதைக் கண்டு பெற்றோர் கலங்கினார்கள். அந்தக் கலக்கம் இந்த நடிகர் தேர்வில் இருக்கிறது. வுட்ஸ்டாக்கில் சச்சிதானந்தரை மகானாகக் கண்ட அதே மாநிலம், சென்னைக் கலைஞரைச் சாத்தானாக்கிப் படம் எடுத்தது. இரண்டு உருவங்களையும் அமெரிக்கா தன் தேவைக்குச் செய்துகொண்டது. இரண்டிலும் எதிரே நிற்கும் மனிதர் காணாமல் போனார்.

கத்தரிக்கோல் பிடித்த ஆபரேட்டர்கள்

1968 நவம்பரில்தான் அமெரிக்காவில் பழைய தணிக்கை விதிகள் போய், வயதுவாரித் தரச்சான்று வந்திருந்தது. கடைசிப் படியான 'எக்ஸ்' பெரும்பாலும் பாலியல் காட்சிகளுக்குத் தரப்பட்டது. வன்முறைக்காக அதைப் பெற்ற முதல் சில படங்களில் இது ஒன்று. படத்தை ஓட்டியாக வேண்டுமே! அந்தந்த ஊருக்கு ஏற்றபடி தியேட்டர்காரர்களே வெட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார் கிராஸ். ஆபரேட்டர் அறையில் கத்தரிக்கோல் புகுந்தது. ஊருக்கு ஒரு நீளத்தில், ஊருக்கு ஒரு முடிவில் படம் ஓடியது.

டர்ஸ்டன் வைத்த பெயர் 'ஃபோபியா'. கிராஸ் அதை மாற்றினார். 1964-ல் டெல் டென்னி எடுத்து, விலைபோகாமல் கிடந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை வாங்கி, அதற்கு 'ஐ ஈட் யுவர் ஸ்கின்' என்று பெயர் சூட்டி, ஒரே டிக்கெட்டில் இரண்டு படமாக டிரைவ்-இன் அரங்குகளுக்கும் நியூயார்க்கின் 42-ம் தெருத் தியேட்டர்களுக்கும் அனுப்பினார். மேன்சன் வழக்கில் 1971 ஜனவரி 25 அன்று குற்றத்தீர்ப்பு வந்த அந்தக் காலத்தில் இந்த ஜோடி ஊர் ஊராகச் சுற்றியது.

வெட்டுப்படாத முழு வடிவம் பல ஆண்டுகள் கழித்தே பார்வைக்கு வந்தது. 'தி ஹர்ட் லாக்கர்' படத்தொகுப்புக்காக ஆஸ்கர் பெற்ற பாப் முராவ்ஸ்கியின் கிரைண்ட்ஹவுஸ் ரிலீசிங் நிறுவனம் அதை மீட்டு வெளியிட்டது.

இந்தப் படத்தில் ஊமைப் பெண்ணாக வரும் லின் லோரி, 1973-ல் ஜார்ஜ் ரொமேரோவின் 'தி கிரேசீஸ்' படத்திலும், 1975-ல் டேவிட் குரோனன்பெர்க்கின் 'ஷிவர்ஸ்' படத்திலும் நடித்தார். மூன்றும் மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவும் வெறியைப் பற்றியவை. கல்லறையிலிருந்து எழும் பேயை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணில் தெரியும் நோயைத் திகில் சினிமா பிடித்துக்கொண்ட ஆண்டுகள் அவை.

ஏன் பார்க்க வேண்டும்?

பெரிய இயக்குநர்கள் ஒரு காலத்தின் பயத்தை ஆறவைத்து, ஆராய்ந்து, பிறகே படமாக்குகிறார்கள். அவசரத்தில் எடுத்த மலிவுப் படத்துக்கு அந்த நேரம் இல்லை. தெருவில் பேசியது, பத்திரிகை அலறியது, தயாரிப்பாளர் நம்பியது எல்லாம் அப்படியே பிலிமில் ஏறிவிடுகிறது. அதனால்தான் வரலாறு படிக்கிறவருக்கு இது சாட்சியம்.

அந்தச் சாட்சியம் சொல்வதைக் கவனியுங்கள். ஹிப்பிகள் குற்றவாளிகள்தான், படம் அதில் தயங்கவில்லை. ஆனால் ஊரை அழித்த நோயை விதைத்தது நல்ல குடும்பத்துச் சிறுவனின் கை. வெட்டுக்கத்தியோடு ஓடியவர்களில் பெரும்பாலோர் உழைத்துப் பிழைக்க வந்த சாதாரணத் தொழிலாளர்கள். வன்முறை வெளியூர்க்காரர்களின் சொத்து என்று நிறுவ வந்த கதை, அது எவரையும் பற்றும் என்று காட்டிவிட்டு முடிகிறது. வியட்நாமில் போர் நடத்திக்கொண்டிருந்த நாட்டில், எடுத்தவர்கள் எண்ணியதைவிடப் பெரிய உண்மை இது.

1977-ல் மேடையில் விழுந்ததில் பாஸ்கரின் முதுகெலும்பு முறிந்தது. அதன் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நாட்டியம் கற்பித்தார், 2003-ல் மறைந்தார். திகில் பட ரசிகர்கள் அவரை ஹொரேஸ் போன்ஸாக அறிவார்கள். சென்னை அவரைத் தன் கலைஞராக அறிய வேண்டும். தந்தை வடித்த சிலைகளை நாள்தோறும் பார்க்கிற ஊர், கடல் கடந்து போய் நம் ஆட்டத்தை அந்நிய மேடையில் நிறுத்திய மகனையும் நினைவில் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

(தொடரும்)

அடுத்த வாரம்: படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமை வரி விடுபட்டதால், ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' உலகத்துக்கே பொதுச் சொத்தான கதை.