மூச்சும் கண்ணாடியும்

கடுங்குளிரில் கண்ணாடி மங்காமலிருக்க மனிதர் செய்த முயற்சிகளைப் பார்த்தால், கண்ணாடியில் எதைத் தடவலாம் என்று தேடியவர்களைவிட, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்களே நிலைக்கும் விடையைக் கண்டிருக்கிறார்கள். அந்த ஈரம் நம்முடையது. வெளிவிடும் மூச்சும் முகத்து வியர்வையும் குளிர்ந்த பரப்பில் நுண்துளிகளாகப் படிந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. ஆர்க்டிக்கின் இனுயிட் மக்கள் மரத்திலும் எலும்பிலும் தந்தத்திலும் செதுக்கிய பனிக்கண்ணாடியில் வில்லையே கிடையாது. பார்ப்பதற்கு மெல்லிய கீற்று மட்டும். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலிலிருந்து கண்ணைக் காக்க அது போதும், மங்கவும் அதில் ஏதுமில்லை. ஆனால் பவர் கண்ணாடி இல்லாமல் முடியாதவருக்கு அது மாற்றாகாது.

குளிரில் கண்ணாடி மங்கும் கொடுமையை முழுதாக அனுபவித்தவர் ஆப்ஸ்லி செர்ரி-கரார்ட். 1911 ஜூன் இறுதியில், தென்துருவப் பயணி ஸ்காட்டின் குழுவிலிருந்து அவரும் தோழர்கள் வில்சனும் பவர்ஸும் எம்பரர் பென்குயின் முட்டைகளுக்காக, அண்டார்க்டிகாவின் நடுக்குளிர்கால இருட்டில் கேப் குரோசியருக்குச் சறுக்குவண்டி இழுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். வழியில் குளிர் மைனஸ் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டியது. செர்ரி-கரார்டுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. மூச்சு பட்டதும் கண்ணாடியில் பனி உறைந்துவிடும். துடைத்தாலும் அடுத்த மூச்சில் மறுபடி உறையும். பனிப்பிளவுகள் நிறைந்த தரையில், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தட்டுத்தடுமாறித்தான் அவர் நடக்க வேண்டியிருந்தது. தடவும் மருந்து எதுவும் அங்கே எடுபட்டிருக்காது, தடவிய படலமும் உறைந்துபோகும். சில ஆண்டுகளில், முதல் உலகப் போரின்போது, பிரான்ஸின் டிஸோ விஷவாயு முகமூடியில் வேறு வழி பிடிபட்டது. உள்ளே இழுக்கும் உலர்ந்த காற்று முதலில் கண்வில்லைகளின் மேல் பாய்ந்து, பிறகே மூக்குக்குப் போகும். 1960களில் அமெரிக்காவின் யூட்டாவில், பல்சீரமைப்பு மருத்துவரும் பனிச்சறுக்குப் பித்தருமான பாப் ஸ்மித் இரண்டு வில்லைகளுக்கு நடுவே காற்றை அடைத்துக் கண்ணாடி செய்தார். வெளிவில்லை குளிரைத் தாங்கும். உள்வில்லை முகத்தின் சூட்டிலேயே இருப்பதால் ஆவி அதில் எளிதில் படியாது. ஓரத்து ஃபோம் வழியாக ஈரக்காற்று வெளியேறிவிடும்.

விண்வெளியில் பூச்சுதானே கைகொடுத்தது என்று கேட்கலாம். 1966 ஜூன் 5 அன்று ஜெமினி 9ஏ கலத்துக்கு வெளியே போன விண்வெளி வீரர் யூஜின் செர்னனின் முகக்கண்ணாடி ஆவியால் மூடியது. மூக்கால் தேய்த்த சிறு இடத்தின் வழியாகவே பார்த்தார். அடுத்த பயணங்களில் முகக்கண்ணாடிக்கு மங்கல் தடுப்புப் பூச்சு வந்தது, பயனும் தந்தது. ஆனாலும் பூச்சு செய்வதெல்லாம் நீரைத் துளியாக விடாமல் படலமாகப் பரப்புவதுதான். ஆவி வருவதை அது நிறுத்தாது. செர்னனின் உடையில் ஓடிய வாயு அவர் உடல் சூட்டை ஆற்றப் போதாததால் வியர்த்துக் கொட்டியதே மூலகாரணம். அதற்கு விடை அப்பல்லோ வீரர்கள் அணிந்த, தண்ணீர் ஓடும் குழாய்கள் தைத்த உள்ளாடை. பூச்சும் கூடவே தொடர்ந்தது, ஆபத்தும்தான்: 2001 ஏப்ரலில் விண்நடையிலிருந்த கனடா வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டின் கண்ணில் அந்தப் பூச்சு மருந்தே பட்டு, சற்று நேரம் இரு கண்களும் தெரியாமல் போயின.