கல்லில் வெட்டிய 'ஆட்கள் தேவை'

இன்று என் தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சில மாதங்களுக்கு முன், தெரிந்த தனியார் பள்ளித் தாளாளர் ஒருவர் விளம்பரம் எழுதித் தரச் சொன்னார். "ஆசிரியை தேவை. தகுதியும் அனுபவமும் உள்ளவர்கள் நேரில் வரவும். தகுதிக்கேற்ற சம்பளம்" என்று எழுதிக் கொடுத்தேன்.

நகரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண், கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வந்தார். தமிழ் நன்றாகப் பேசினார். ஆனால் படித்ததெல்லாம் தெலுங்கு வழி. பள்ளிக்கோ மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். "அதை முன்னாடியே போட்டிருக்கலாமே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் எங்கள் திருத்தணி. எல்லைக்கு இருபுறமும் இரண்டு மொழியும் புழங்கும். இங்கேயே இருக்கும் எனக்கு அது தோன்றாமல் போனதே!

அன்று இரவு, வகுப்பில் பல ஆண்டுகள் நடத்திய உத்திரமேரூர் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. காஞ்சிபுரத்தைத் தாண்டினால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியவை. ஊர்ச் சபை வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆள் எடுக்கும் விதிகள்.

வேலை விளம்பரம் அல்லதான். ஆனால் எவ்வளவு தெளிவு! சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பதவி 360 நாள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை!

எழுதியதை அப்படியே விட்டுவிடவும் இல்லை. 919இல் வயது 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் 35 முதல் 70 என்று மாற்றி, விதிகளையும் விரிவாக்கினார்கள்.

அந்தத் தகுதிகளை நான் போற்றவில்லை. அது பிராமணர் சபை. பெண்களுக்கோ, நிலமில்லாதவருக்கோ, மற்றச் சாதியாருக்கோ அங்கே இடமில்லை. ஆனால் யாரை விலக்கினார்கள் என்பதைக் கல்லில் எழுதியதால், 1,100 ஆண்டு கழித்தும் நாம் படித்துக் கேள்வி கேட்க முடிகிறது. "தகுதியானவர் தேவை" என்ற என் வரியை யார் கேள்வி கேட்க முடியும்? வந்து திரும்பியவருக்குத்தான் நஷ்டம்.

மறுநாள் விளம்பரத்தை மாற்றி எழுதினேன். எந்த வகுப்பு, என்ன பாடம், என்ன படிப்பு, தமிழ் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், பள்ளி நேரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள், கடைசித் தேதி. "சம்பளத்தை மட்டும் போட வேண்டாமே சார்" என்றார் தாளாளர். "அதைப் பார்த்துத்தானே ஒருவர் பஸ் ஏறலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தொகையைச் சொன்னார்.

இம்முறை வந்தவர்கள் குறைவு. ஆனால் ஒருவரையும் "உங்களுக்கு இந்த வேலை பொருந்தாதம்மா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

கடைக்கோ பள்ளிக்கோ ஆள் தேடும் நண்பர்களே, ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள். அது யாரோ ஒருவருடைய ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும்.