தாங்கிக்கொள்பவர்கள்

கண்ணமங்கலத்தில் தறி வேலை முடிந்து டீக்கடையில் கூடும் நண்பர்கள், கிரிக்கெட்டில் தோற்றாலே இரண்டு நாள் முகம் வாடியிருப்பார்கள். கல்கத்தாக்காரர்களின் கால்பந்துப் பித்துக்கு முன் இது ஒன்றுமில்லை.

1911 ஜூலை 29 அன்று மோகன் பகான், ஈஸ்ட் யார்க்‌ஷயர் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அணியை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. நம்மவர்களில் ஒருவர் தவிர எல்லோரும் வெறுங்காலுடன் ஆடினார்கள். 1920-ல் ஈஸ்ட் பெங்கால் கிளப் தோன்றியது, ஊர் இரண்டுபட்டது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் ஹில்சா மீன். மோகன் பகான் ஜெயித்தால் இவர்கள் வீட்டில் இறால். தோற்றவர் வீட்டில் அன்று அடுப்பும் மந்தம்தான்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அம்மொழியில் ரசிகரை 'சுப்போர்த்தேர்' என்பார்கள். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். அதே எழுத்துகளில் பிரெஞ்சில் பழைய வினைச்சொல் ஒன்று உண்டு. அதன் பொருள், தாங்கிக்கொள்வது.

அந்தத் தாங்கும் சக்தி 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்டத்தில் உடைந்தது. இந்த இரு அணிகளின் ஆட்டத்தில் ரசிகர்கள் மோதிக்கொள்ள, 16 பேர் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அவர்கள் நினைவாக, ஆகஸ்ட் 16-ல் கல்கத்தாவில் ரத்ததான முகாம் நடக்கிறது.