காஞ்சிப் பட்டில் இரு ரசனைகள்: கோர்வைக் கரையும் வெளிர் நிறமும்

காஞ்சிபுரம் பட்டுப் புடவை இன்றைய இளம்பெண்களிடையே இரண்டு பாணிகளில் வலம்வருகிறது. ஒன்று, இன்ஸ்டாகிராமில் 'விண்டேஜ்' என்று அழைக்கப்படும் பாட்டி காலத்துத் தோற்றம். மாம்பழ மஞ்சளுக்கு அரக்குக் கரை, கிளிப்பச்சைக்கு வாடாமல்லிக் கரை, கழுத்தில் கோயில் நகை, பின்னலில் மல்லிகைச் சரம் என்று அது அமையும். மற்றொன்று 'பேஸ்டல்' தோற்றம். தந்த வெள்ளை, வெளிர் ரோஜா, புதினாப் பச்சை போன்ற மெல்லிய நிறங்கள், புடவையின் உடலோடு ஒன்றிப்போகும் கரை, கல் பதித்த நகை, விரித்துவிட்ட கூந்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். ஜவுளிக்கடையில் முதல் வகைக் கரை 'கான்ட்ராஸ்ட்', இரண்டாம் வகை 'செல்ஃப்'. பார்ப்பவருக்கு இது நிறத்தைப் பற்றிய விருப்பு வெறுப்பு. தறியில் அமர்பவருக்கோ வேலைமுறையையும் ஆள்பலத்தையும் பற்றிய விஷயம்.

கான்ட்ராஸ்ட் கரையின் அடிப்படை கோர்வை நெசவு. இதில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் ஊடை (குறுக்கு) இழை கரை தொடங்கும் இடத்திலேயே நின்று, கரையின் ஊடை இழையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடும். அதனால் மஞ்சள் இழை அரக்குக் கரைக்குள் நுழைவதில்லை; இரண்டு நிறங்களும் கலப்பின்றி நிற்கும். மூன்று நாடாக்களையும் ஒருவரே வீசுவது கடினம். நெசவாளர் நடுவில் உட்கார, ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க அருகில் உதவியாள் ஒருவர் அமர்வது வழக்கம். முந்தியும் வேறு நிறத்தில் வேண்டுமானால், அங்கே பாவு (நெடுக்கு) இழைகளையும் ஒவ்வொன்றாக மாற்றி இணைக்க வேண்டும்.

செல்ஃப் கரைப் புடவையில் ஒரே ஊடை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். ஒருவரே நெய்து முடிக்கலாம். இம்முறையில் பச்சைப் பாவுள்ள கரைக்குள் சிவப்பு ஊடை புகுந்தால் கரை மங்கித் தெரியும். உடலும் கரையும் ஒரே நிறமாகவோ நெருங்கிய சாயலாகவோ இருந்தால் அந்தக் குறை எழுவதில்லை. ஆனால் நிறக் கலப்பு எப்போதும் குறையல்ல. நீலமும் பச்சையும் பாவும் ஊடையுமாகக் குறுக்கிடும்போது கிடைக்கும் மயில்கழுத்து நிறம் பழைய காஞ்சிப் புடவைகளின் பெருமைகளில் ஒன்று.

காஞ்சியின் பட்டு நெசவை விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் காலத்தோடு இணைப்பது ஊர் மரபு. கரைகளில் இடம்பெறும் கோபுரம், யாளி, அன்னம், ருத்ராட்சம், இருதலைப் பறவை போன்ற உருக்கள் கோயில்களோடு உறவுடையவை. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வந்தன. மடிசாருக்கான ஒன்பது கஜம் குறைந்து ஆறு கஜம் பொது வழக்கான பிறகும் அகலக் கரையும் அழுத்தமான நிறமும் நீடித்தன. காஞ்சிப் பட்டு சென்னையில் பெரிய சந்தை பெற்றதில் 1928-ல் தியாகராய நகரில் தொடங்கிய நல்லி போன்ற கடைகளுக்குப் பங்கு உண்டு.

பழைய பாணியை மீட்பது இணையம் கண்டுபிடித்த வேலையல்ல. 1936-ல் கலாக்ஷேத்திரா நடனப் பள்ளியை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், அங்கே நெசவுக்கூடமும் ஏற்படுத்தி, பழம்புடவைகளின் கரைகளையும் உருக்களையும் மறுபடி நெய்வித்தார். அகன்ற கரையும் எதிர் நிறமும் கொண்ட அப்புடவைகள் நடன மேடையிலிருந்து கச்சேரி அரங்குகளுக்கும் கல்லூரிகளுக்கும் பரவின. பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய நீலம் 'எம்.எஸ். நீலம்' என்றே கடைகளில் விற்றது. 1961-ல் வெளியான 'பாலும் பழமும்' படத்தின் பெயரை ஒரு வகைக் கட்டப் புடவை இன்றும் சுமக்கிறது. மேடையும் திரைப்படமும் அன்று செய்த வேலையைத்தான் கைபேசி இன்று செய்கிறது.

செல்ஃப் பாணி வலுப்பெற்றதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. கோர்வைத் தறியில் உதவிக்கு அமர்ந்தவர்களில் பலர் சிறுவர்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்து, அடுத்த ஆண்டுகளில் பள்ளிச் சேர்க்கையும் கூடியபோது அந்தப் பிள்ளைகள் தறியைவிட்டு வகுப்பறைக்குப் போனார்கள். பெரியவர் ஒருவரை உதவிக்கு வைத்தால் நெசவாளரின் கூலியில் ஒரு பங்கு அவருக்குப் போய்விடும். காஞ்சியின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளிலும் அடுத்த தலைமுறை வேறு வேலைகளுக்குத் திரும்பியது. ஒருவரே நெய்யக்கூடிய புடவைக்கு இதனால் வாய்ப்புக் கூடியது. எடை குறைந்த சாஃப்ட் சில்க்கும், ஊடையில் ஜரிகை ஓடுவதால் மின்னும் டிஷ்யூவும் இந்தச் சூழலில் எளிதாக இடம்பிடித்தன.

இரு பாணிகளையும் எதிரெதிர் முகாம்களாகக் காட்டியது இணையம். 2015-ல் பெங்களூரைச் சேர்ந்த இரு பெண்கள் தொடங்கிய '100 சாரி பேக்ட்' இயக்கம், அலமாரியில் கிடந்த புடவையை உடுத்தி அதன் கதையையும் படத்தோடு பகிரச் சொன்னது. அம்மாவின் பட்டும் பாட்டியின் பட்டும் அதனால் வெளியே வந்தன. மறுபுறம் திருமணப் புகைப்படக் கலை வளர, பகல் வெளிச்சத்தில் மென்மையாகப் பதிவாகும் வெளிர் நிறங்களுக்கு மவுசு கூடியது. பல கல்யாணங்களில் இரண்டும் சமரசமாகிவிடுகின்றன: முகூர்த்தத்துக்கு அரக்குக் கோர்வை, வரவேற்புக்கு வெளிர் டிஷ்யூ.

விலையில் இவற்றின் நிலை தலைகீழாகிவருகிறது. ஒருகாலத்தில் வழக்கமாக நெய்யப்பட்ட கோர்வை, தெரிந்தவர்கள் குறைந்ததால் அரிய வேலைப்பாடாகிறது. அதன் தோற்றத்தை மட்டும் காட்டும் விசைத்தறிப் புடவைகளும் சந்தையில் மலிந்துள்ளன. காஞ்சிப் பட்டுக்கு 2005-ல் கிடைத்த புவிசார் குறியீடு ஊர்ப்பெயரைக் காக்கிறது. சில்க் மார்க் முத்திரை பட்டு அசல் என்பதற்குச் சான்று. கோர்வையா என்பதைப் புடவையைத் திருப்பி, கரை சேரும் இடத்தைப் பார்த்து அறியலாம். அங்கே இரு நிற இழைகள் ஒன்றையொன்று பற்றித் திரும்பியிருந்தால் அது கோர்வை. உடலின் இழையே கரைக்குள் தொடர்ந்து ஓடினால் ஒற்றை ஊடை நெசவு.